பன்னிரண்டு போத்தல் பால்

ரெங்கம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொய் சொன்னால் உடனே வலது உள்ளங்கையை இடுப்புச் சேலையில் துடைத்துக்கொள்வாள். சின்னப் பொய்க்கு ஒரு தடவை, பெரிய பொய்க்கு இரண்டு தடவை. தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிறவர்கள் இருபது வருடமாக இதைப் பார்த்து வருகிறார்கள். அவளுக்கு மட்டும் தெரியாது. "ஒம்புள்ள இன்னைக்கு அழவே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தாளானால், பிள்ளை அழுது தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறது என்று தாய் தெரிந்துகொள்வாள். அதற்குமேல் கேட்கமாட்டாள். ரெங்கம்மாவிடம் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. சொன்னால் பழக்கம் நின்றுபோகும். பிறகு எதை வைத்து உண்மையைத் தெரிந்துகொள்வது?

மடுல்சீமைக்குப் போகிற பாதையிலிருந்து கீழே இறங்கினால் அந்தத் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் பிள்ளைக்காம்பரா. அறுபத்தெட்டில், அங்கே ஆயம்மாவாக இருந்தவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். ரெண்டு வாரத்துக்குப் பார்த்துக்கொள் என்று கணக்கப்பிள்ளை ரெங்கம்மாவை அங்கே உட்காரவைத்தார். அந்த இரண்டு வாரம் பதினொரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. தொட்டில் கட்டினாள், மூக்குச் சிந்தினாள், காலையில் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி, பிள்ளைகளுக்கு ஊற்றி, விட்டுப்போக வந்த தாய்மாருக்கும் ஆளுக்கொரு கோப்பை ஊற்றினாள். ஆனால் தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோலில் ஆயம்மா என்று அவள் பேர் இல்லை. பதினொரு வருடமும் அவள் அன்றாடக் கூலி வாங்குகிற கைக்காசு ஆள்தான்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு புதுச் சட்டம் வந்தது. ஆயம்மாவை நிரந்தரமாக்க வேண்டுமானால் தோட்டத்து டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு ஐந்தாம் வகுப்பு படித்திருக்கவும் வேண்டும். ரெங்கம்மா படித்தது மூன்று. அந்த மூன்றிலும் கடைசி அரை வருடம் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டில் நின்றாள்.

தோட்டத்து டாக்டர் வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். பட்டம் பெற்ற டாக்டர் இல்லை. மருந்துச்சாலையைப் பார்த்துக்கொள்கிறவர். என்றாலும் டாக்டரய்யா என்று கூப்பிடாவிட்டால் கலவை மருந்தில் கசப்பைக் கூட்டிவிடுவார் என்று ஒரு பேச்சு இருந்தது. ரெங்கம்மா எட்டு மாதமாக அந்தக் கடிதத்துக்காக அவர் வாசலுக்கு நடந்தாள். அவரும் எட்டு மாதமாகப் பார்ப்பம் என்று சொன்னார்.

அந்த எட்டு மாதத்தில் ஒருநாள் அவள் கடிதம் கேட்கப் போகவில்லை, பேன் மருந்து கேட்கப் போனாள். பிள்ளைகளுக்கோ என்று டாக்டரய்யா கேட்டார். ஆமாங்கய்யா என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பழக்கத்தின் அர்த்தம் டாக்டரய்யாவுக்கு அப்போது தெரியாது. பின்னறைத் தட்டில் கிடந்த ஒரு பழைய தகரத்தைத் தூசி தட்டிக் கொடுத்தார். திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து எப்போதோ கடிதம் வந்து, அனுப்பாமல் விட்டுப்போன டி.டி.டி. பவுடர் அது. பேன் பிடித்திருந்தது பிள்ளைகளுக்கு இல்லை. பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் கட்டியிருந்த வெள்ளாட்டுக்கு. அதன் பேர் சிங்காரி. ரெங்கம்மா அதற்கு மாவு பூசுகிறமாதிரி தலையிலிருந்து வால்வரை பூசிவிட்டாள். சிங்காரி நாள் முழுக்கத் தன்னையே நக்கிக்கொண்டு நின்றது. பேன் போயிற்று. கெட்டிக்கார மருந்து என்று மாதத்துக்கு இரண்டு முறை பூசினாள்.

எழுபத்தொன்பது சித்திரையில் ஹுமைத் வந்தார். பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் அஸீஸ் முதலாளியின் மூத்த மகன். அந்தத் தோட்டத்தில் கூறைச்சேலை எல்லாம் அவர்கள் கடையில் எடுத்ததுதான். அதனால் பெண்களுக்கு அவர் சின்ன முதலாளி. சீமையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பூச்சி மருந்து மண்ணில் விழுந்து, புல்லில் ஏறி, கடைசியில் மனிதரின் உடம்பில் எவ்வளவு வந்து சேருகிறது என்பது ஆராய்ச்சி. அது கொழுப்பில் போய்த் தங்குமாம். அதனால் அவருக்குத் தாய்ப்பால் வேண்டியிருந்தது. பன்னிரண்டு தாய்மாரிடமிருந்து, ஆளுக்கு ஒரு சின்னப் போத்தல்.

கல்யாணமாகாத மனிதர். கொழுந்துக் கூடையோடு நின்ற பன்னிரண்டு பெண்களைப் பார்த்து இதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். கூரைத் தகரத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பெண்களும் மேலே பார்த்தார்கள். கடைசியில் ரெங்கம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வெட்கம் தரையில் கொஞ்சம் குறைவாக இருந்தது போலிருக்கிறது.

கூட நின்ற டாக்டரய்யா, இந்த வேலையைச் சரியாக முடித்துக்கொடுத்தால் அந்தக் கடிதத்தை எழுதிவிடுவேன் என்று சொன்னார். ரெங்கம்மா போத்தல் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ரெங்கம்மா விஷயத்தைச் சொன்னதும் பெண்கள் எல்லோரும் முகத்துக்கு நேரே சரி என்றார்கள். அஸீஸ் முதலாளியின் மகன் கேட்டால் இல்லை என்பார்களா? வினை அடுத்த நாளில் தொடங்கியது.

முதலில் வந்தவள் பெரியாயி. வாய்க்காரி, மூன்றாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு ரெங்கம்மாவின் காதில் பேசினாள். முலைப்பாலை எறும்பு மொய்க்கிற இடத்தில் ஊற்றக்கூடாது, கால்படக்கூடாது, தீயில் விழக்கூடாது, விழுந்தால் மார்பு வற்றிப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும். மிஞ்சின பாலைச் செடி வேரில்தான் ஊற்றுவார்கள். இவர் என்னவென்றால் பாலை ஆவியாக்கி மிசினுக்குள் விடுவேன் என்கிறார்.

"ரெங்கக்கா, என்னுது மட்டும் சிங்காரி பாலா இருக்கட்டும். மத்தவளுகளுக்குத் தெரிய வேணாம். ஒம்மேல சத்தியம்."

ரெங்கம்மா சத்தியம் செய்து கொடுத்தாள். ஒரு போத்தல்தானே.

மத்தியானம் இன்னொருத்தி கோயில் பக்கம் வழிமறித்தாள். சாயங்காலம் விறகுக்குப் போன இடத்தில் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கமாக, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல். மறுநாள் பத்துமணிப் பால் கொடுக்க வந்த நேரத்தில் மூன்று பேர் தனித்தனியாகத் தொட்டில் மறைவுக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றே: என்னுது மட்டும். வெள்ளிக்கிழமைக்குள் ரெங்கம்மாவின் தலையில் பன்னிரண்டு சத்தியம் இருந்தது. பன்னிரண்டு பேருக்கும் தான் ஒருத்திதான் ஏமாற்றுகிறோம் என்று ஒரு குற்ற உணர்ச்சி. மற்ற பதினொரு பேரும் தைரியமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பொறாமை.

சனிக்கிழமை விடியற்காலை சிங்காரியைக் கறந்தாள். பன்னிரண்டு போத்தலும் நிறைந்து அரைக் கோப்பை மிஞ்சியது. ஹுமைத் ஐஸ் பெட்டியோடு வந்து வாங்கிக்கொண்டார். எல்லாம் அந்தந்தத் தாயுடையதுதானே என்று கேட்டார். ஆமாங்க தம்பி என்று ரெங்கம்மா சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு தடவை துடைத்தாள்.

கடிதம் வந்துவிடும் என்று காத்திருந்தாள். மிசின் முடிவு வரட்டும் என்றார் டாக்டரய்யா.

முடிவு அடுத்த தை மாதம் வந்தது, இங்கிலீஷில். டாக்டரய்யா அதை மூன்று முறை வாசித்துவிட்டு வெயிலே இல்லாத நாளில் வியர்த்துப்போய்ப் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி வந்தார். பன்னிரண்டு போத்தலிலும் டி.டி.டி. இருக்கிறதாம். அதுவும் ஹுமைத் எந்த ஊரிலும் பார்த்திராத அளவு. அதைவிடப் பெரிய அதிசயம், பன்னிரண்டிலும் ஒரே அளவு. புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண் வரைக்கும் ஒன்று. பன்னிரண்டு பேருக்கும் பொதுவாக ஏதோ ஒன்று உடம்பில் போகிறது, அது என்னவென்று விசாரியுங்கள் என்று எழுதியிருந்தார்.

டாக்டரய்யா அதிகம் விசாரிக்கவில்லை. அடுப்பிலிருந்த பானையைப் பார்த்தார்.

"பன்னிரண்டு பேருக்கும் பொதுவா இருக்கிறது உன்ர கஞ்சி ஒண்டுதான். அதுக்குள்ள என்ன போடுறனீ?"

அரிசி, உப்பு, இருக்கிற நாளில் கீரை என்று ரெங்கம்மா சொன்னாள். கை இடுப்புக்குப் போகவில்லை. ஆனால் அதைப் படிக்கத் தெரியாதவர் முன்னால் அதனால் என்ன பயன்? அவர் ஒரு கோப்பை ஊற்றி அவளையே குடிக்கச் சொன்னார். குடித்தாள். இன்னொன்று குடிக்கச் சொன்னார். அதையும் குடித்தாள். காலையிலிருந்து பசியோடிருந்ததால் மூன்றாவதைக் கேட்டே வாங்கிக் குடித்தாள். அது அவருக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

ஹுமைத் ஊருக்கு வந்து விசாரித்து முடிக்கும்வரை ரெங்கம்மா பிள்ளைக்காம்பராவுக்குள் காலடி வைக்கக்கூடாது, தாய்மார் பால் கொடுக்கவும் கூடாது, பால்மா கரைத்துக் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். ஆடு கட்டுகிற இடத்தைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. ரெங்கம்மா வாசலுக்கு வெளியே ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தன. தவழத் தெரிந்தவை வாசற்படிவரை வந்து அழுதன. அவளுக்குப் பதிலாக வைத்த பெண் வெறும் தொட்டில்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வெளியே போகக்கூடாது என்றும் உத்தரவில் எழுதியிருக்கவில்லை.

பால் கொடுக்கிற கதை அதைவிட விசேஷம். டாக்டரய்யாவின் முன்னால் பன்னிரண்டு தாய்மாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பால்மாவை வாங்கினார்கள். லயத்துக்குப் போய்க் கதவைச் சாத்தி, ஒவ்வொருத்தியும் தன் பிள்ளைக்குத் தாராளமாகப் பால் கொடுத்தாள். தன்னுடைய போத்தலில் போனது ஆட்டுப்பால் என்று அவளுக்குத் தெரியுமே. வெளியே வந்து மற்ற பதினொரு பேரையும் நினைத்து உச்சுக்கொட்டினாள். பாவம், உடம்பெல்லாம் விசமாம் என்று பெரியாயி பக்கத்துக் காம்பரா ராசம்மாவிடம் உருகினாள். ராசம்மாவும் பெரியாயியின் தலையைத் தடவிக்கொடுத்து, எதுக்கும் மனசைத் தைரியமா வச்சுக்க என்றாள். அந்த வாரம் கீழ்ப்பிரிவில் இருந்த அன்பைப் போல முன்பும் இருந்ததில்லை, பின்பும் இல்லை.

கல்லில் உட்கார்ந்திருந்த ரெங்கம்மாவுக்குத்தான் வழியில்லை. வாயைத் திறக்காவிட்டால் தாய்மாருக்கு விசம் வைத்தவள். திறந்தால் பன்னிரண்டு சத்தியத்தை முறித்தவள், படித்த பிள்ளையை ஏமாற்றினவள். எப்படிப் போனாலும் பிள்ளைக்காம்பரா போய்விடும். அது போனால் கொழுந்துக் கூடை தூக்க முதுகும் இல்லை, வேறு வேலை தெரியவும் தெரியாது. பிள்ளைகளின் பேரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் ஹுமைத் வந்தார். பத்துமணிக்குத் தாய்மார் கூடைகளோடு இறங்கி வந்துவிட்டார்கள். டாக்டரய்யா நாற்காலியில். ரெங்கம்மா உத்தரவின்படி வாசலுக்கு வெளியே நின்றாள்.

ஹுமைத் ஒரு நீளக் காகிதத்தை விரித்துச் சுவரில் பிடித்துக் காட்டினார். இந்த முறை கூரையைப் பார்க்கவில்லை. மிசினைப் பற்றிப் பேசும்போது அவருக்கு வெட்கம் வராது. திணிவு நிறமாலைமானி என்று பாடப்புத்தகத்தில் அதற்குப் பேராம். சாதாரணமாக அது எல்லாவற்றையும் பிடித்து நிறுக்கும், பாலில் இருக்கிற ஆயிரம் சரக்கும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுந்து கண்ணை மறைக்கும். புது முறையில் அப்படி இல்லை. உள்ளே இலத்திரன் என்கிற மின்துகளை மெதுவாக உலாவ விடுவார்கள். குளோரீன் இருக்கிற சரக்குக்கு அந்தத் துகள் மேல் பேராசை. ஓடிப்போய்ப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்தவுடன் அதற்கு மறை ஏற்றம், அதாவது எதிர்மின்னேற்றம், வந்துவிடும். மிசின் மறை ஏற்றம் உள்ளதை மட்டும் இழுத்து நிறுக்கும். பாலில் மற்றதெல்லாம் பேராசை இல்லாததால் தப்பித்துப் போய்விடும். அந்தக் குளோரீனிலும் இரண்டு எடை, ஒன்று இலேசு, ஒன்று கொஞ்சம் பாரம். அதனால் கோடுகள் தனித்தனியாக வராமல் உயரம் மாறி மாறிக் கூட்டமாக நிற்கும். அந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரியும்.

திருட்டுச் சாமானைக் கையில் வைத்திருக்கிறவனை மட்டும் பிடிக்கிற பொலிசு போல என்று ரெங்கம்மா வெளியே நின்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஹுமைத் காகிதத்தைச் சுருட்டிவிட்டு அவளிடம் வந்தார்.

"ஆயம்மா, ஒரு தாய்ட பால் மாதிரி இன்னொரு தாய்ட பால் ஈக்காது. இது பன்னெண்டும் ஒண்டு. எங்கட புரொபசர் செல்றார், நான்தான் சோம்பல்ல ஒரு போத்தலப் பன்னெண்டாப் பிரிச்சிட்டேன் எண்டு. அப்பிடி இல்ல, அந்தப் பொம்புளைகள் பொய் செல்ல மாட்டாங்க எண்டு நான் சண்ட புடிச்சிட்டு வந்தீக்கேன்."

பன்னிரண்டு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். விசம் வைத்தவள் என்றபோது கல்லாக இருந்த ரெங்கம்மாவால் இதைத் தாங்கமுடியவில்லை. தான் செய்த திருட்டுத்தனத்துக்கு அந்தப் படித்த பிள்ளை அடி வாங்கியிருக்கிறது.

"தம்பி, ஒங்க மிசினு பொய் சொல்லல. பன்னெண்டும் சிங்காரி பாலு."

சிங்காரி யார் என்று ஹுமைத் கேட்டார். எந்த லயம் என்று பதிவுப் புத்தகத்தையும் எடுத்தார். ரெங்கம்மா பின்பக்கம் கையைக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். சிங்காரியும் நக்குவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

பெண்கள் ரெங்கம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள். அது தொங்கியபடியே இருந்தது, இடுப்புக்குப் போகவில்லை. அப்போதுதான் நம்பினார்கள்.

"பன்னெண்டா?" என்றாள் பெரியாயி. "என்னுது மட்டும்னுதானே அக்கா சத்தியம் பண்ணுன?"

"ஒன்னுது மட்டுமா?" என்று திரும்பினாள் ராசம்மா. "ஏன்டி, ஒம்பது நாளா ஒந்தலைய நான் தடவிக்கிட்டுக் கெடந்தேன். நீ கமுக்கமா ஆட்டுப்பாலக் குடுத்துட்டு என்னையப் பாவம்னியா?"

"நீ மட்டும் என்னத்தக் குடுத்த, யானைப்பாலா?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. கூடைக் கயிறு அறுந்து விழுகிற அளவுக்குச் சிரித்தார்கள். தொட்டிலில் இருந்த பிள்ளைகள் பயந்து அழுதன. ஆயம்மா என்ற முறையில் ரெங்கம்மா உத்தரவை மறந்து உள்ளே ஓடி இரண்டைத் தூக்கிக்கொண்டாள்.

ஹுமைத் சிரிக்கவில்லை. பதிவுப் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு ஆட்டின் உடம்பில் இவ்வளவு டி.டி.டி. எப்படி வரும் என்று கேட்டார். பேன் மருந்துங்க தம்பி என்று ரெங்கம்மா கூரை இடுக்கிலிருந்து தகரத்தை எடுத்துவரச் சொன்னாள். தகரம் வந்தது. ஹுமைத் அதன் மேல் ஒட்டியிருந்த துண்டை வாசித்தார். மருந்துச்சாலை முத்திரை இருந்தது. திருப்பி அனுப்ப வேண்டிய திகதியும் இருந்தது. அவர் டாக்டரய்யாவைப் பார்த்தார். பன்னிரண்டு பெண்களும் பார்த்தார்கள்.

டாக்டரய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடியும் கழற்றினார். விசாரணை இத்தோடு முடிஞ்சுது என்றார்.

ரெங்கம்மாவைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினால் தகரத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும். அதை அவர் யோசித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டு ஒன்றரை வருடமாக எழுதாத கடிதத்தை எடுத்துவைத்தார். எத்தனையாம் வகுப்புவரை படித்தாய் என்று கேட்டார்.

"அஞ்சுங்கய்யா" என்றாள் ரெங்கம்மா. சொல்லிவிட்டு உள்ளங்கையை இரண்டு தடவை துடைத்தாள்.

இதற்குள் பெரியாயி புண்ணியத்தில் அந்தப் பழக்கத்தின் அர்த்தம் டாக்டரய்யாவுக்கும் தெரிந்திருந்தது. அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஐந்து என்று எழுதினார்.

ஹுமைத் திரும்பவும் பால் கேட்டார். இந்த முறை பெண்கள் உண்மையாகவே கொடுத்தார்கள். ஒருத்தி ஏமாற்றினால் பன்னிரண்டு பேருக்கும் தெரியும் என்று ஆகிவிட்டது. ஆனால் நிபந்தனை போட்டார்கள். மிசினுக்குத் தேவையான துளி போக மிஞ்சினதைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது, செடி வேரில் ஊற்றவேண்டும். ஹுமைத் ஒத்துக்கொண்டார். நாலு மாதம் கழித்து எழுதினார். பல்கலைக்கழகத் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் பன்னிரண்டு போத்தலையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாராம். தோட்டக்காரன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனானாம். பன்னிரண்டும் பன்னிரண்டு விதமாக வந்திருக்கிறது, இருக்கிற அளவு சொற்பம், பயமில்லாமல் பிள்ளைகளுக்குப் பால் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். யாருடையது குறைவு என்று கேட்டுப் பெண்கள் நச்சரித்தார்கள். பெரியாயியுடையது. அதற்குப் பிறகு ஒரு வருடம் அவளோடு பேசமுடியவில்லை.

சிங்காரியின் காகிதத்தை ஹுமைத் தனியாக அனுப்பியிருந்தார். அவர் புத்தகத்தில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறதாம். புரொபசருக்கு அந்தப் பக்கம்தான் பிடித்ததாம்.

இது நடந்து எட்டு வருடமாகிறது. ரெங்கம்மாவின் பேர் செக்ரோலில் இருக்கிறது. பிள்ளைக்காம்பராவில் இப்போது பத்தொன்பது பிள்ளைகள். சிங்காரியின் காகிதம் உள்சுவரில் ஒட்டியிருக்கிறது. கோடுகள் ஏறி இறங்குவதால் மலைப்படம் என்று சொல்லி அதைக் காட்டினால் பிள்ளைகள் சோறு தின்கின்றன. பின்னால் சிங்காரியின் பேத்தி கட்டியிருக்கிறது. அதற்கும் பேன் உண்டு. வேப்பெண்ணெய்தான் பூசுகிறார்கள்.